பழுதின் வேர் பொதுவில், பில் மட்டும் தனித்தனி
பெங்களூர் அடுக்ககங்களின் குடியிருப்போர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள சங்க நிர்வாகிகளுக்கு,

ஆண்டுப் பொதுக்குழுவில் நீங்கள் வைக்கும் வரவுசெலவுக் கணக்கைப் பார்த்தாலே, ஓர் அடுக்ககம் எதையெல்லாம் தன் பொறுப்பென்று நினைக்கிறது என்பது தெரிந்துவிடும். லிஃப்டுக்கு ஏஎம்சி, ஜெனரேட்டருக்கு டீசல், சம்ப் கழுவக் கூலி, காவலாளிகளுக்குச் சம்பளம் என்று வரிசையாக இருக்கும். வீட்டுக்குள் இருக்கும் கீசரும் ஏசியும் மின்விசிறியும் அதில் வராது. அவை வீட்டுக்காரர் பாடு. ஆனால் இந்தச் சாதனங்கள் ஏன் பழுதாகின்றன என்று ஆராய்ந்தால் காரணம் பெரும்பாலும் வாசற்கதவுக்கு வெளியே இருக்கிறது. எல்லா வீட்டுக்கும் ஒரே சம்பிலிருந்து ஏறுகிற தண்ணீர், ஒரே எர்த் குழி, ஒரே மொட்டை மாடி, எல்லோரும் ஒரே மாதத்தில் மெக்கானிக்கைத் தேடி அலைகிற வழக்கம். காரணம் பொதுவாக இருக்க, வைத்தியத்தை மட்டும் வீட்டுக்கு வீடு தனியாகப் பார்ப்பதால் செலவு பெருகுகிறது, பழுதும் நிற்பதில்லை. சூடாக்கும், குளிரூட்டும் சாதனங்களின் வருடாந்திரப் பராமரிப்பைச் சங்கமே ஏற்று நடத்த வேண்டும் என்பதுதான் இந்த மடலின் கோரிக்கை.

சென்னையிலோ டெல்லியிலோ இருப்பவருக்கு இந்தக் கவலை வேறு மாதிரி. கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் வருடம் முழுக்க வெந்நீர் வேண்டும். குளிரூட்டல் சில மாதங்களுக்கு மட்டுமே வேண்டும். இந்த ஊரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 1884 ஜனவரியில் 7.8 டிகிரி. மிக அதிகமானது 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி. 2024 ஏப்ரல் 28 அன்று 38.5 டிகிரி வரை போனது. மின்விசிறியே தேவைப்படாத ஊர் என்று ஒருகாலத்தில் பெருமை பேசியவர்களும் இப்போது ஏசி மாட்டியிருக்கிறார்கள். ஆகவே இங்கே கீசர் ஓய்வில்லாமல் உழைக்கிறது. ஏசி எட்டு மாதம் சும்மா கிடந்துவிட்டு மார்ச்சில் திடீரென்று முழு மூச்சில் ஓட வேண்டியிருக்கிறது. இரண்டுமே சாதனத்துக்குக் கேடு. இரண்டையும் சமாளிக்க வேண்டியது அது கெட்டுப்போன பிறகு அல்ல, அதற்கு முன்னால்.

முதலில் தண்ணீரை எடுத்துக்கொள்வோம். நகரத்தின் பல பகுதிகளில், குறிப்பாகக் காவிரிக் குழாய் தாமதமாக எட்டிய புறநகர்களில், அடுக்ககங்கள் போர்வெல்லையும் டேங்கரையும் நம்பித்தான் வளர்ந்தன. 2024 கோடையில் நகரத்தின் 13,900 போர்வெல்களில் 6,900 வற்றிவிட்டதாக அரசுத் தரப்பே சொன்னது. அந்த ஆண்டு அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் தொடங்கி, நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் கூடுதலாக வரும் என்று அறிவிக்கப்பட்டது. இருந்தாலும் கலப்புத் தண்ணீரில் காலம் தள்ளும் அடுக்ககங்கள் இன்னும் ஏராளம். பாறைக்குள் நெடுங்காலம் தங்கிய தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். சூடேறும்போது அவை கார்பனேட்டாகப் பிரிந்து, மிகச் சூடான இடமான ஹீட்டிங் காயிலின் மேல் வெள்ளையாகப் படிகின்றன. இந்தப் படிவு மின்சாரத்தைத் தின்கிறது என்று சொல்வார்கள்; அது பாதிதான் உண்மை. காயில் தண்ணீருக்குள்ளேயே இருப்பதால் வெப்பம் கடைசியில் தண்ணீருக்குத்தான் போகும். உண்மையான நஷ்டம் வேறு. படிவுக்குள் சிறைப்பட்ட காயில் தன் தாங்குசக்திக்கு மேல் சூடேறி வெடிக்கிறது, தொட்டியின் கொள்ளளவு குறைகிறது, தெர்மோஸ்டாட் ஏமாந்துபோகிறது. தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னையே கரைத்துக்கொள்ளும் மக்னீசியம் ஆனோடு கம்பியும் தீர்ந்துபோகிறது. அது தீர்ந்ததைக் கவனிக்காமல் விட்டால் அடுத்து ஓட்டை விழுவது தொட்டியில்தான்.

இதைத் தனி வீட்டுக்காரர் எப்படித் தடுப்பார்? ஆண்டுக்கு ஒருமுறை காயிலைக் கழற்றி சிட்ரிக் அமிலத்தில் ஊறவைக்கலாம், ஆனோடை மாற்றலாம், தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்குக் கீழே வைத்துப் படிவைக் குறைக்கலாம். ஆனால் தண்ணீரின் கடினத்தன்மையை மாற்றுவது சாஃப்ட்னர். அது சங்கத்தின் கையில் இருக்கிறது. இந்திய தர நிர்ணயத்தில் குடிநீருக்கு ஏற்கத்தக்க கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு வழியில்லாதபோது 600 வரை அனுமதி. சாஃப்ட்னர் ரெசின், கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். நிரம்பியதும் உப்புக் கரைசல் ஊற்றி அதைப் புதுப்பிக்க வேண்டும். உப்பு மூட்டைச் செலவை மிச்சப்படுத்த, பத்து நாளுக்கு ஒருமுறை செய்ய வேண்டியதை மாதம் ஒருமுறை செய்தால், அந்த மிச்சத்தைப் போலப் பல மடங்கு ஒவ்வொரு வீட்டின் கீசரிலும் செலவாகிறது. இன்னொன்று: பல இடங்களில் பம்ப் ஆபரேட்டரிடம், கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் மட்டும் கொடுத்து, அதன் எண்ணைப் பதிவேட்டில் எழுதச் சொல்கிறார்கள். கால்சியம் போய் சோடியம் வருவதால் சாஃப்ட்னர் டிடிஎஸ்ஸைக் குறைக்காது. ரெசின் செத்துக் கிடந்தாலும் அந்த மீட்டர் காட்டிக்கொடுக்காது. சொட்டு மருந்து ஊற்றி நிறம் மாறுவதைப் பார்க்கும் கடினத்தன்மைச் சோதனைப் பெட்டியை வாரம் ஒருமுறை பயன்படுத்தி, முடிவை அறிவிப்புப் பலகையில் எழுதுங்கள். கீசர் பராமரிப்பில் சங்கம் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை இதுதான்; இதற்கு ஒரு வீட்டுக் கதவைக்கூடத் தட்ட வேண்டாம்.

அடுத்து மொட்டை மாடி. காலை வேளையில் நகரம் முழுக்கக் கீசர்கள் ஒரே நேரத்தில் ஓடி மின்தேவையை உச்சிக்குக் கொண்டுபோனதால்தான் கர்நாடக அரசு 2007இல் புதிய கட்டடங்களுக்குச் சோலார் வாட்டர் ஹீட்டரைக் கட்டாயமாக்கியது. இணைப்பு தருவதற்கு மின்விநியோக நிறுவனமான பெஸ்காம் அதை ஒரு நிபந்தனையாக வைத்தது. பொருத்தியவர்களுக்கு யூனிட்டுக்கு 50 பைசா வீதம், மாதம் 50 ரூபாய்க்கு மிகாமல் தள்ளுபடியும் தந்தது. நாட்டிலேயே மாடிக்கு மாடி சோலார் தொட்டி தெரிகிற நகரமாகப் பெங்களூர் ஆனது அப்படித்தான். ஆனால் அந்த விதி பொருத்துவதைத்தான் கட்டாயமாக்கியது. பராமரிப்பதை யாரும் கட்டாயமாக்கவில்லை. கண்ணாடிக் குழாய்களின் அடிமுனையில் சேறும் சுண்ணாம்பும் தேங்கினால், வெந்நீர் மேலேறித் தண்ணீர் கீழிறங்கும் இயல்பான சுழற்சி மந்தப்படும். பக்கத்து மனையில் எழும்பும் புதுக் கட்டடம் நிழல் போடும். குழாயின் மேல் காப்புறை வெயிலில் உதிர்ந்துபோகும். தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தால் வீட்டுக்காரர் சோலாரைக் குறைசொல்லிவிட்டு மின்சார ஸ்விட்சைப் போட்டுவிடுவார்.

அந்த ஸ்விட்சின் விலையைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரம் வேண்டும். மாதத்துக்கு 120 யூனிட். சூரியன் இலவசமாகச் செய்துகொண்டிருந்த வேலை இது. பொதுத் தொட்டியாக இருந்தால் இந்தச் செலவு பொது மீட்டரில் ஏறி, எந்த வீட்டின் பில்லிலும் தெரியாமல் மறைந்துவிடும். பொதுத் தொட்டியில் இன்னொரு விசித்திரமும் உண்டு. ஒரு வீட்டுக் குளியலறையில் மிக்ஸர் குழாயைத் திறந்தே வைத்து, அதன் முனையில் இருக்கும் ஷவரை மட்டும் மூடிவிட்டால், அழுத்தம் கூடுதலாக உள்ள பச்சைத் தண்ணீர் அந்த மிக்ஸர் வழியாகவே வெந்நீர்க் குழாய்க்குள் புகுந்துவிடும். நான்காம் மாடியில் நடக்கும் தவறுக்கு இரண்டாம் மாடியில் வெந்நீர் ஆறிப்போகும். ஒவ்வொரு வீட்டின் இணைப்பிலும் நான்-ரிட்டர்ன் வால்வு போட்டால் தீரும் பிரச்சினை. பாதிக்கப்பட்ட வீட்டுக்காரர் தன் வீட்டுக்குள் எத்தனை பிளம்பரைக் கூட்டிவந்தாலும் தீராது. தண்ணீர்க் கணக்கும் இதோடு சேர்ந்தது. 20 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழாய் 25 மீட்டர் ஓடினால் அதற்குள் ஏறத்தாழ 8 லிட்டர் நிற்கும். வெந்நீர் வரும்வரை அதைத் திறந்துவிட்டுக் காத்திருப்பது, 2024 மார்ச்சில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த ஊரில் ஒப்புக்கொள்ளக்கூடிய வழக்கமா? ஆண்டுக்கு இருமுறை அதிகாலையில், சோலாரின் கண்ணாடிக் குழாய்கள் சூடேறும் முன்பு, அவற்றைக் கழற்றிக் கழுவி, உடைந்த காப்புறையை மாற்றச் சங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஏசிக்கு வருவோம். எட்டு மாத ஓய்வில் வடிநீர்க் குழாயில் பாசி கட்டுகிறது. வெளி யூனிட்டுக்குள் குளவி கூடு வைக்கிறது. பல்லி போர்டில் விழுந்து ஷார்ட் ஆக்குகிறது. கட்டுமானப் புழுதி காயிலின் தகடுகளை அடைத்துவிடுகிறது. மார்ச் முதல் வெயிலில் ஊரே ஒன்றாக ஃபோனை எடுக்கிறது. ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு ஏற வேண்டிய டெக்னீஷியன், தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு, “கேஸ் கம்மி சார், ஃபில் பண்ணணும்” என்று சொல்லிவிட்டுப் போகிறார். இந்த ஒரு வாக்கியத்தைக் குடியிருப்போர் எல்லோரும் புரிந்துகொண்டாலே பெரும் பணம் மிஞ்சும். ஏசியில் இருக்கும் குளிர்பொருள் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய சுற்றுக்குள் திரும்பத் திரும்பச் சுழல்கிறது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடித்து, நைட்ரஜன் அழுத்தத்தில் சோதித்து, வேக்கம் இழுத்து, யூனிட்டின் தகட்டில் எழுதியிருக்கும் எடைக்கு ஏற்ப நிரப்புவதுதான் முறை. கசிவை அடைக்காமல் நிரப்பினால் அடுத்த மார்ச்சிலும் அதே பில் வரும். கசிந்த வாயு காற்றுமண்டலத்தையும் சூடாக்கும்; பழைய ஆர்-22, பின்பு வந்த ஆர்-410ஏ இரண்டுமே கரியமில வாயுவைப் போல ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு சூடேற்றும் திறன் உள்ளவை. இப்போது பரவலாக வரும் ஆர்-32இன் திறன் அதில் மூன்றிலொரு பங்கு. ஆனால் அது மெல்லத் தீப்பற்றக்கூடியது. பயிற்சியில்லாத கை அதைத் தொடக்கூடாது.

சங்கம் ஜனவரியிலேயே ஒரு குழுவை அமர்த்தி, தேதி அறிவித்து, விருப்பமுள்ள வீடுகளின் ஏசிகளை ஒரே வாரத்தில் பார்த்து முடித்தால் மூன்று பலன்கள் உண்டு. அவசரம் இல்லாததால் வேலை ஒழுங்காக நடக்கும்; மொத்தமாகச் செய்வதால் கூலி குறையும்; கசிவு இருப்பதாகச் சொன்னால் அழுத்தச் சோதனையின் அளவீட்டை எழுதிக் கேட்கும் பலம் சங்கத்துக்கு இருக்கும். நான்காவதாக ஒன்றையும் சொல்ல வேண்டும். வெளி யூனிட்டைத் தொட ஜன்னல் விளிம்பில் கால் வைத்து நிற்கும் மனிதருக்குப் பாதுகாப்புப் பட்டை கட்டுவதும், அதை மாட்ட உறுதியான கொக்கி அமைப்பதும் கட்டடத்தின் பொறுப்பு. தனி வீட்டுக்காரர் இதைக் கேட்கமாட்டார், டெக்னீஷியனும் கேட்கமாட்டார். வீட்டுக்காரருக்கு மிஞ்சுவது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றிக் கழுவுவதும், 24 டிகிரிக்குக் கீழே இறக்காமல் இருப்பதும்தான். 2020இலிருந்து நட்சத்திரக் குறியுள்ள ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்ற விதி வந்ததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு டிகிரி கூட்டினால் மின்செலவு ஏறத்தாழ 6 சதவீதம் குறையும் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணிப்பு.

பணத்தைவிடப் பெரியது உயிர். கீசர் காயில் வெடித்தால் தண்ணீரில் மின்சாரம் பாயும். அப்போது நம்மைக் காப்பது எர்த் குழியும், 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே விழுந்துவிடும் ஆர்சிசிபியும். எர்த் குழி கோடையில் வறண்டால் அதன் மின்தடை ஏறிவிடும். அதை அளந்து, தண்ணீர் ஊற்றிப் பராமரிப்பது சங்கத்தின் வேலை. அடிக்கடி விழுகிறதே என்று ஆர்சிசிபியை பைபாஸ் செய்து வைத்த வீடுகளைக் கண்டுபிடிப்பதும் சங்கத்தால்தான் முடியும். கேஸ் கீசர் இன்னும் அபாயம். காற்றோட்டமில்லாத குளியலறையில் அது எரியும்போது நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு சேர்ந்து, குளிக்கப் போனவர்கள் பிணமாக வந்த செய்திகளைப் பெங்களூர் நாளிதழ்கள் பலமுறை வெளியிட்டிருக்கின்றன. கேஸ் கீசர் குளியலறைக்குள் இருக்கக்கூடாது என்று ஒரு தீர்மானம் நிறைவேற்றப் பத்து நிமிடம் போதும்.

இதற்கெல்லாம் நீங்கள் சொல்லக்கூடிய மறுப்புகளும் எனக்குத் தெரியும். முதலாவது, வீட்டுக்குள் இருப்பது தனிச்சொத்து, சங்கத்துக்குத் தலையிட உரிமை இல்லை என்பது. கர்நாடக அடுக்கக உரிமைச் சட்டம் 1972ஆம் ஆண்டுக்குரியது. பொது வசதிகள் எவை என்று அது வரையறுக்கும் இடத்தில், மின்சாரம், வெந்நீர், தண்ணீர், சூடாக்கல், குளிரூட்டல் ஆகியவற்றுக்கான மைய அமைப்புகளையும், தொட்டி, பம்ப், மோட்டார் முதலியவற்றையும் சேர்த்தே சொல்கிறது. ஆக சாஃப்ட்னர், எர்த் குழி, பொதுச் சோலார் மூன்றும் ஏற்கெனவே உங்கள் கடமைகள். தனி வீட்டுக் கீசர், ஏசி விஷயத்தில் நான் கேட்பது தலையீட்டை அல்ல. விரும்பியவர் சேர, விரும்பாதவர் விலகி நிற்க ஒரு கூட்டு ஏற்பாட்டை மட்டுமே.

இரண்டாவது, கம்பெனி ஏஎம்சியும் செல்பேசிச் செயலிகளும் இருக்கும்போது சங்கம் எதற்கு என்பது. அவை தங்கள் பொருளை மட்டும் பார்ப்பவை. உங்கள் தண்ணீரைப் பார்ப்பவை அல்ல. கடின நீரால் வந்த சேதத்துக்கு உத்தரவாதம் பொருந்தாது என்ற வரி பல கீசர்களின் உத்தரவாத அட்டையிலேயே இருக்கும். மேலும், ஒரே கட்டடத்தில் மூன்று ஆண்டில் எத்தனை காயில் போனது, எந்தப் பக்கத்து வீடுகளில் போர்டு எரிந்தது என்ற வரலாறு எந்தச் செயலியிலும் சேராது. அது சங்கத்தின் பதிவேட்டில் சேர்ந்தால், பழுது எங்கிருந்து வருகிறது என்பது ஓராண்டில் புலப்படும்.

மூன்றாவது, பழையதைக் கட்டி அழுவதைவிட மின்சாரம் குறைவாக இழுக்கும் புதியதை வாங்குவது மேல் என்பது. இதில் நியாயம் இருக்கிறது. 75 வாட் இழுக்கும் பழைய மின்விசிறிக்குப் பதில் 30 வாட் இழுக்கும் பிஎல்டிசி விசிறி, நாளுக்குப் பத்து மணி நேரம், ஆண்டில் 250 நாள் ஓடினால் 112 யூனிட் மிச்சம். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 670 ரூபாய். மூவாயிரம் ரூபாய் விசிறி ஐந்தாண்டுக்குள் தன் விலையைத் திருப்பித் தந்துவிடும். ஆர்-22 கசியும் பதினைந்து வருட ஏசியைக் காப்பாற்றுவதிலும் அர்த்தமில்லை. ஆனால் நடைமுறையில் பொருட்கள் குப்பைக்குப் போவது இந்தக் கணக்கைப் பார்த்து அல்ல. மெதுவாகச் சுற்றும் விசிறிக்கு வேண்டியது பெரும்பாலும் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் கெப்பாசிட்டர். நின்றுபோன மிக்ஸியின் அடியில் ஓவர்லோடு பொத்தான் விழுந்திருக்கும், அழுத்தினால் ஓடும். அது இல்லையென்றால் கப்ளரோ கார்பன் பிரஷ்ஷோ தேய்ந்திருக்கும். கிரைண்டர் சுற்றாவிட்டால் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். வாஷிங் மெஷினில் தண்ணீர் ஏறாவிட்டால் இன்லெட் ஃபில்டரில் மணல் இருக்கும். இவற்றின் உதிரிகள் எல்லாம் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் கிடைப்பவை. எதை மாற்றுவது, எதைச் சரிசெய்வது என்று நிதானமாகச் சொல்லும் ஆள்தான் கிடைப்பதில்லை. விற்பவரிடம் அந்த யோசனையைக் கேட்க முடியாது.

அந்த ஆளை உருவாக்க முன்மாதிரிகள் இருக்கின்றன. 2009இல் ஆம்ஸ்டர்டாமில் மார்டின் போஸ்ட்மா தொடங்கிய ரிப்பேர் கஃபே இயக்கத்தை, பூர்ணா சர்க்காரும் அந்தரா முகர்ஜியும் 2015இல் பெங்களூருக்குக் கொண்டுவந்தார்கள். பொருளோடு வருபவரும் உட்கார்ந்து பழுதுபார்க்கக் கற்றுக்கொள்வதுதான் அதன் வழி. பிரான்ஸ் 2021இலிருந்து சில மின்சாதனங்களின் மேல் பழுதுபார்க்கும் எளிமைக்கான மதிப்பெண்ணை அச்சிடச் சொல்கிறது. இந்திய நுகர்வோர் விவகாரத் துறையும் 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை அமைத்து, அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு தளத்தைத் தொடங்கியது. வீட்டுச் சாதனங்கள் அதன் நான்கு பிரிவுகளில் ஒன்று. மாதம் ஒரு ஞாயிறு சங்க மண்டபத்தில் பேட்டை எலக்ட்ரீஷியன் ஒருவருக்கு மேசையும் நியாயமான கூலியும் கொடுத்து உட்காரவைத்தால், இந்தக் கொள்கை உங்கள் வாசலுக்கு வந்துவிடும். காப்பாற்ற முடியாதவற்றை 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் மொத்தமாக ஒப்படைப்பதும் அதே மேசையில் முடியும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்காரர் செய்யத்தக்கவை எவை, கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் போல ஆளைக் கொல்லக்கூடியவை எவை என்ற எல்லையையும் அங்கேதான் சொல்லித்தர முடியும்.

நான்காவது, கர்நாடக அரசின் கிருஹ ஜோதித் திட்டத்தில் மின்சாரமே இலவசமாயிற்றே என்பது. அந்தச் சலுகை 200 யூனிட் வரைதான். ஒரு மாதம் அதைத் தாண்டினால் முழு பில்லையும் கட்ட வேண்டும். சோலார் கெட்டதால் கூடும் 120 யூனிட், பல குடும்பங்களை அந்தக் கோட்டுக்கு மேலே தள்ளிவிடும். கடைசியாக, வாடகைக்கு இருப்பவர் எதற்குச் செலவழிப்பார் என்பது. இந்த நகரத்தின் அடுக்ககங்களில் வாடகைதாரர் பெருந்தொகை. உரிமையாளர் வெளியூரில், கீசர் இங்கே, பதினோரு மாத ஒப்பந்தம் முடிந்ததும் ஆளே மாறிவிடுவார் என்றால் பராமரிப்புக்கு யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள். தனித்தனியாக விட்டால் நடக்காது என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டாம். மாதப் பராமரிப்புத் தொகையோடு சிறு தொகையைச் சேர்த்து உரிமையாளரிடமே வாங்கினால், குடியிருப்பவர் மாறினாலும் சாதனத்தின் பதிவேடு தொடரும்.

ஆகவே அடுத்த பொதுக்குழுவின் நிகழ்ச்சி நிரலில் ஆறு தீர்மானங்களைச் சேருங்கள்: வாரந்தோறும் கடினத்தன்மைச் சோதனை, ஆண்டுக்கு இருமுறை சோலார் கழுவல், ஒருமுறை எர்த் அளவீடு, ஜனவரியில் ஏசிக்கும், மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்குமுன் கீசருக்கும் கூட்டுப் பராமரிப்பு, எல்லாப் பழுதுக்கும் ஒரே பதிவேடு, மாதம் ஒரு ஞாயிறு பழுதுபார்க்கும் மேசை. ஒரு வருடம் நடத்திப் பார்த்து, வீடுகளின் செலவு குறைந்ததா என்று அந்தப் பதிவேட்டையே கேளுங்கள். குறையவில்லையென்றால் அடுத்த பொதுக்குழுவில் கையைத் தூக்கி எல்லாவற்றையும் ரத்துசெய்துவிடலாம்.

அன்புடன்,
பெங்களூர்வாசி ஒருவர்